பால்கனி சாவியை பீரோவில் வைத்திருக்கிறேன், டாக்டர்!

மனநலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, உயரத்துக்குப் பயப்படுகிறவர்களின் கட்டு மட்டும் தனியாகப் பெருத்துவிட்டது. நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பயத்துக்கென்று ஓ.பி. சீட்டு வாங்கி வந்தவர்கள் அபூர்வம். 1959-ல் அண்ணா சாலையில் திறந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் போதும், பயத்துக்கு வேறு வேலை இருக்காது. இப்போது வீடு மேலே, ஆபீஸ் மேலே, மெட்ரோ ஸ்டேஷன் மேலே. ஒதுங்கிப் போகலாம் என்றால் ஊரில் இடமில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க உயரம்தான். தூக்கம் வராதவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. பெரும்பாக்கம் பக்கம் 12-வது மாடியில் வீடு வாங்கிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த அன்றே பால்கனியில் கால் வைத்ததும் உள்ளங்கால் கூசி, அடிவயிற்றைக் கலக்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து பால்கனி கதவைப் பூட்டிச் சாவியை பீரோவில் வைத்திருக்கிறேன். துணியெல்லாம் படுக்கையறையில் ஃபேன் போட்டுத்தான் காய்கிறது. லிஃப்டிலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள வராண்டா ஒரு பக்கம் திறந்தது. சுவரில் கை வைத்து ஒட்டியபடியே வருவேன். நாலு வயதுப் பையன் பால்கனிக்குப் போகணும் என்று அழுகிறான். மாமியார் சுற்றிப் போட்டார். கணவர் “எல்லாம் உன் மனசுலதான் இருக்கு” என்கிறார். வீட்டை விற்றுவிடலாமா? இது சரியாகுமா?
– வாசகி, பெரும்பாக்கம்

பதில்: விற்காதீர்கள். வேறு காரணம் ஏதாவது இருந்தால் அது உங்கள் குடும்ப விஷயம். பயத்துக்காக விற்க வேண்டாம். சரியாகும். மனநல மருத்துவத்தில் “சரியாகும்” என்று நான் இவ்வளவு துணிந்து சொல்கிற விஷயங்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

உங்கள் கணவர் சொல்வது பாதிதான் உண்மை. மீதிப் பாதி உடம்பில் இருக்கிறது. நாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோமே தவிர, உடம்பு எந்நேரமும் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அதைச் சமாளிக்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: உள்காது, பாதமும் மூட்டும் தசையும், அப்புறம் கண். கண் இந்த வேலையைப் பக்கத்தில் இருக்கும் பொருட்களை வைத்துத்தான் செய்யும். ஹாலில் நிற்கிறீர்கள், எதிரே டி.வி., பக்கத்தில் சோபா. உடம்பு ஒரு விரற்கடை ஆடினால் அவை இடம் மாறுவது கண்ணில் படும், கால் தசை உடனே சரிசெய்துகொள்ளும். உங்கள் பால்கனி விளிம்பிலோ கண்ணுக்கு எட்டுவது தூரத்துச் சதுப்பு நிலமும் பாதாளத்தில் ரோடும்தான். அவ்வளவு தொலைவில் ஒரு விரற்கடை ஆட்டம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காதும் காலும் “ஆடுகிறாய்” என்கின்றன, கண் “இல்லையே” என்கிறது. இந்தக் குழப்பத்தில் உடம்பு உண்மையிலேயே கொஞ்சம் அதிகமாக ஆடும். ஜெர்மனியின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980 வாக்கிலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆக, கால் கூசுவது உங்கள் கற்பனை இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கூசும். கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஜெர்மனியில் பொதுமக்களிடம் விசாரித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கையில் எப்போதாவது உயரம் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு என்று சொன்னவர்கள் 100-க்கு 28 பேர். அத்தனை பேரும் நோயாளிகள் இல்லை. அவர்களில் சிறு பங்கினருக்குத்தான் இது ஃபோபியா அளவுக்குப் போகிறது. ஃபோபியா என்று சொல்ல நாங்கள் பார்ப்பது சில விஷயங்களை: ஆறு மாதமாவது நீடித்திருக்கிறதா, இருக்கிற ஆபத்துக்கும் வருகிற பயத்துக்கும் சம்பந்தமே இல்லையா, அதற்காக வாழ்க்கையை வளைத்துக்கொண்டிருக்கிறீர்களா. உங்கள் கடிதத்தில் கால் கூசுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, பீரோவில் இருக்கிற அந்தச் சாவிதான் கவலை.

ஏன் என்கிறீர்களா? பால்கனி வாசலில் பயம் ஏறுகிறது. பின்வாங்கிக் கதவைச் சாத்துகிறீர்கள், “அப்பாடா” என்றிருக்கிறது. அந்த “அப்பாடா”தான் வினை. தப்பித்தது கதவைச் சாத்தியதால்தான் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. வெளியே நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு நீங்கள் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் இதே கணக்கு. பூட்டிய கதவுக்குப் பின்னால் பயம் கரையாது, வளரும். இப்போதே வராண்டா வரை வந்துவிட்டது பாருங்கள்.

சிகிச்சை இந்தக் கணக்கைத் திருப்பி எழுதுவதுதான். பயம் போன பிறகு பால்கனிக்குப் போகலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நடுக்கத்தோடு போக வேண்டும், அங்கேயே இருக்க வேண்டும், ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு தானாகக் கண்டுகொள்ள வேண்டும். எக்ஸ்போஷர் சிகிச்சை என்பார்கள். பெயர் வருவதற்கு முன்பே கவிஞர் கதே இதைச் செய்து பார்த்திருக்கிறார். ஸ்ட்ராஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது, அந்த ஊர் தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்குத் தனியாகத் திரும்பத் திரும்ப ஏறி நின்று, பயம் மரத்துப்போகும் வரை விடவில்லையாம். நீங்கள் கதே மாதிரி நேரே உச்சிக்குப் போக வேண்டியதில்லை. படிப்படியாகப் போகலாம்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சம்பந்தமாக நீங்கள் தவிர்க்கிற எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்று மார்க் போடுங்கள். பால்கனி கதவைத் திறந்துவிட்டு ஹாலிலேயே நாற்காலி போட்டு உட்காருவது மூன்றாக இருக்கலாம். வாசற்படியில் நிற்பது ஐந்து. பால்கனிக்குள் சுவரில் சாய்ந்து நிற்பது ஆறு. கம்பியைத் தொட்டுக்கொண்டு எதிர் பிளாக்கைப் பார்ப்பது எட்டு. கீழே பார்ப்பது பத்து. மூன்றிலிருந்து தொடங்குங்கள். போவதற்கு முன் “என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்” என்று ஒரு வரி எழுதுங்கள்: “கால் துவண்டு விழுந்துவிடுவேன்”, “மயக்கம் போட்டுவிடுவேன்”, இப்படி. திரும்பி வந்ததும் என்ன ஆனது என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகவாவது இறங்கும் வரை இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்தால் பழைய கணக்குதான் ஏறும். முதல் தடவை அரை மணி, முக்கால் மணி ஆனாலும் ஆகும். தினமும் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் செய்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி ஆகிவிடும்.

மயக்கம் பற்றி ஒரு வார்த்தை. பயத்தில் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் வருவது அழுத்தம் இறங்கினால்தான். அதனால் உயரத்தில் பயந்து மயங்கி விழுவது மிக மிக அரிது. ரத்தத்தையும் ஊசியையும் பார்த்து மயங்குகிறவர்கள் கதை வேறு, அவர்களுக்கு அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. உங்களுக்குத் தலை கிறுகிறுப்பது பெரும்பாலும் மூச்சைப் படபடவென்று வாங்குவதால். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக்குங்கள், கிறுகிறுப்பு குறையும்.

ஆரம்பத்தில் கதவு நிலையை ஒட்டி நில்லுங்கள். அந்த நிலை கண்ணின் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்தால், நான் சொன்ன கண்-காது குழப்பம் குறையும். ஓடுகிற மேகத்தையும் போகிற வண்டிகளையும் முதலில் பார்க்க வேண்டாம். ஆனால் இதெல்லாம் முதலுதவி மட்டும். கடைசி வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றால் “பிடித்திருந்ததால் பிழைத்தேன்” என்று மூளை அதற்கும் ஒரு கணக்கு எழுதிவிடும். இந்த ஊன்றுகோல்கள் சின்னச் சின்னதாக ஒளிந்திருக்கும். தி.நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் ஸ்டாண்டையும் இணைத்து 2023-ல் திறந்தார்களே, அந்த ஆகாய நடைபாதை, எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த சிகிச்சைக் கூடம். ஒரு அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். நன்றாகத்தான் நடந்தார், பயம் மட்டும் ஏழிலிருந்து இறங்கவே இல்லை. என்னடா என்று பார்த்தால், ஹேண்ட்பேக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறார். விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கையைத் தொங்க விடுங்கள் என்றேன். சொன்னதும் பயம் ஒன்பதுக்கு ஏறியது. பக்கத்தில் காலேஜ் பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு போனார்கள், கீழே பஸ் ஹாரன், இவர் கையைத் தொங்க விட்டபடி அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே “அந்தக் கடையில பொம்மைக்குக் கட்டியிருக்கிற புடவை நல்லா இருக்கு” என்றார். புடவை கண்ணில் பட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தனியாகச் செய்ய முடியவில்லையென்றால் சி.பி.டி. (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிப் பழக்கும் பேச்சு சிகிச்சை) தெரிந்த மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் ஃபோபியாவைக் குறைக்கும் முறையை 1980-களில் வகுத்தார். உலகம் முழுக்க அது புழக்கத்தில் இருக்கிறது. கணினிக் காட்சியை நிஜம் போலக் கண்முன் நிறுத்தும் வி.ஆர். கண்ணாடியை மாட்டி உட்கார்ந்த இடத்திலேயே உயரத்தைக் காட்டுவதும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 100 பேரை வைத்து 2018-ல் வெளியிட்ட சோதனையில், மருத்துவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் கணினிப் பயிற்சியாளரின் குரலை மட்டும் கேட்டு அதைச் செய்தவர்களுக்கு பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. ஆனால் உங்களுக்கு எதற்குக் கண்ணாடி? 12-வது மாடி பால்கனி வீட்டிலேயே இருக்கிறது.

பையன் விஷயம் தனி. பயத்தை விடுங்கள் என்றேனே தவிர, ஜாக்கிரதையை விடச் சொல்லவில்லை. பால்கனிக்கு வலையோ கிரில்லோ போடுங்கள். குழந்தை கால் வைத்து ஏறுகிற மாதிரி ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் அங்கே வேண்டாம். வலை போட்ட பிறகும் உங்களுக்குப் பயம் வந்தால், அது ஆபத்தால் வந்த பயம் இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கணவரைக் கூட நிற்கச் சொல்லுங்கள், பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். தள்ளுவதும் இழுப்பதும் கேலியும் கூடாது. மாமியார் சுற்றிப் போட்டதில் தப்பில்லை, பெரியவர்களுக்கு ஒரு திருப்தி.

கேள்வி: வயது 41, சேல்ஸ் வேலை. கிளையன்ட் ஆபீஸ்கள் எல்லாம் கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கின்றன. பதினைந்து, பதினெட்டாம் மாடி என்றால் வியர்த்துக் கொட்டுகிறது. நண்பர் ஒருவர் பதற்றத்துக்குப் போடும் தன்னுடைய அல்பிரஸோலம் மாத்திரையில் பாதி கொடுத்தார். போட்டுக்கொண்டு போனால் சமாளிக்க முடிகிறது. இதையே தொடரலாமா?
– பெயர் வேண்டாம், நங்கநல்லூர்

பதில்: வேண்டாம். நண்பர் நல்லவராக இருக்கலாம், அவருக்கு எழுதிய சீட்டு உங்களுக்கு எழுதியதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. தினமும் பழகினால் பாதி ஒன்றாகும், ஒன்று இரண்டாகும், நிறுத்தும்போது படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டினால் அதை இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். விமானப் பயம் உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் பயணத்தில் சிலருக்கு அல்பிரஸோலம், சிலருக்கு வெறும் போலி மாத்திரை. மருந்து போட்டவர்களுக்கு அன்றைக்குப் பயம் குறைவாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து மருந்தே இல்லாமல் எல்லோரையும் மறுபடி ஏற்றியபோது, அவர்களுக்குத்தான் பயமும் பீதியும் அதிகம். ட்யூபைப் போட்டுக்கொண்டு மிதந்தவனுக்கு நீச்சல் வந்துவிடுமா என்ன?

நீங்கள் ஏற்கனவே வாரத்தில் பல தடவை ஏறுகிறீர்கள். உங்களுக்குச் சிகிச்சைக்குத் தனி நேரமே தேவையில்லை. மீட்டிங்குக்குக் கால் மணி முன்னதாகப் போங்கள். மேல் மாடி லாபியில் கண்ணாடிப் பக்கம் போய் நின்று, பயம் இறங்கிய பிறகு உள்ளே போங்கள். கண்ணாடிக்கு முதுகு காட்டும் நாற்காலியாகத் தேடி உட்காருவீர்களே, அதை மாற்றுங்கள். தினமும் போட்டு வந்திருந்தால் மாத்திரையைத் திடீரென நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. வாழ்க்கையில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் பக்கமோ, பறக்கும் ரயில் பிளாட்பார ஓரத்திலோ நின்றால் “குதித்துவிடுவேனோ” என்று ஒரு எண்ணம் பளிச்சென்று வருகிறது. குலை நடுங்கிப் பின்னால் வந்துவிடுகிறேன். எனக்குள் ஏதோ தப்பு இருக்கிறதா? வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.
– வாசகர், மந்தைவெளி

பதில்: தம்பி, இதைக் கேட்டு எழுதியதே நல்லது. இந்த எண்ணம் வந்து, வெளியே சொல்லாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதை ஆராய்ந்தார்கள். சாக வேண்டும் என்ற நினைப்பே எந்நாளும் வந்திராதவர்கள் பலருக்கும் இது வந்திருக்கிறது. அவர்கள் கொடுக்கும் விளக்கம் இது: விளிம்பைப் பார்த்ததும் மூளையின் எச்சரிக்கை மணி அடித்து உங்களைச் சட்டென்று பின்னால் இழுத்துவிடுகிறது. சுவர் உறுதியாக இருக்கிறது, யாரும் தள்ளவில்லை, பிறகு ஏன் பின்வாங்கினேன் என்று புத்தி கொஞ்சம் தாமதமாக யோசிக்கிறது. “ஒருவேளை நானே குதிக்கப் பார்த்தேனோ” என்று தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. உண்மையில் பின்னால் இழுத்தது வாழ வேண்டும் என்கிற உடம்பு.

எண்ணம் வந்தால் அதோடு சண்டை போடாதீர்கள், ஆராயவும் வேண்டாம். வந்தது, போகட்டும். மொட்டை மாடிக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டியது பயம் இல்லாதவர்களும்தான்.

ஒரே ஒரு வித்தியாசத்தை நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணம் உங்களைக் குலை நடுங்க வைக்கிறதா, இல்லை ஆறுதலாகத் தோன்றுகிறதா? கீழே இருக்கும்போதும், ராத்திரி படுத்திருக்கும்போதும், இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் அது உயரப் பயம் இல்லை, அன்றைக்கே பேச வேண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேஹா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. வீட்டிலும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தது. இப்போது சோளிங்கர் மலைக்கோயில் படி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். விழுந்ததால்தான் இந்தப் பயமா? “பயந்தாங்கொள்ளி” என்று தாத்தா திட்டுகிறார். மொட்டை மாடியில் தூக்கிப் பிடித்துக் காட்டினால் தெளிந்துவிடும் என்று என் தம்பி சொல்கிறான்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் தம்பியை மாடிப் பக்கமே விடாதீர்கள். சிகிச்சைக்கும் வதைக்கும் உள்ள வித்தியாசம், ஏறுவதா இறங்குவதா என்பது யார் கையில் இருக்கிறது என்பதுதான். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் தூக்கிக் காட்டினால் உயரத்தோடு சித்தப்பாவுக்கும் சேர்த்துப் பயப்படுவான்.

விழுந்ததுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த குழந்தைகளை வளர வளரப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் பலமாக விழுந்து அடிபட்டவர்கள் 18 வயதில் உயரத்துக்குப் பயப்படுவது கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தது! உயரத்தைப் பற்றிய எச்சரிக்கை ஓரளவு பிறவியிலேயே வருகிறது, வளர்கிற வயதில் ஏறி விழுந்து பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மட்டுப்பட்டுவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆகவே கை முறிந்ததற்குப் பிறகு நீங்கள் அவனை ஏற விட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். “ஜாக்கிரதை, ஜாக்கிரதை” என்று நாலு வருஷம் பின்னாலேயே போயிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பார்க் சறுக்கில் தொடங்குங்கள். எந்தப் படி வரை ஏறுவது என்று அவனே சொல்லட்டும், அங்கே நின்று அவனுக்கு போரடிக்கும் வரை நிற்கட்டும். சோளிங்கரில் 1,300 படிக்கு மேல் இருக்கிறது, பெரியவர்களே பாதியில் உட்காருகிற இடம். அவன் அழுதது பயமா, கால் வலியா என்று கேட்டீர்களா?

கேள்வி: வயது 68. இதுவரை உயரத்துக்குப் பயந்ததே இல்லை. மூன்று மாதமாகப் படியிறங்கும்போதும் எஸ்கலேட்டரிலும் பயமாக இருக்கிறது. படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது.
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: ஐயா, உங்களுக்கு நான் தேவையில்லை. முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். புரண்டு படுக்கும்போது சில விநாடி அறை சுற்றுவது, உள்காதில் இருக்கும் நுண்துகள் இடம் பெயர்ந்ததால் இருக்கலாம். தலையை ஒரு முறைப்படி திருப்பிப் படுக்க வைத்தே பலருக்குச் சரிசெய்துவிடுவார்கள். பிரஷர் மாத்திரை புதிதாக மாற்றினார்களா, கண்ணாடி மாற்றினீர்களா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இரண்டு பவர் உள்ள கண்ணாடியில் படி மங்கலாகத் தெரியும். இந்த வயதில் புதிதாக முளைக்கிற உயரப் பயத்தை மனசில் தேடுவதற்கு முன் உடம்பில் தேட வேண்டும். அதுவரை கைப்பிடியைப் பிடித்தே இறங்குங்கள். மேலே மற்றவர்களுக்குச் சொன்ன ஊன்றுகோல் பாடம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அப்பா பெயின்டர், சாரத்தில் ஏறி வேலை செய்வார். பல வருஷமாகப் பயம் தெரியாது. ஆறு மாதம் முன்னால் கூட வேலை செய்தவர் அவர் கண்ணெதிரே சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அதிலிருந்து அப்பாவால் இரண்டாவது கட்டைக்கு மேல் ஏற முடியவில்லை. மூங்கில் கிரீச்சென்றால் திடுக்கிடுகிறார். ராத்திரி கத்திக்கொண்டு எழுந்திருக்கிறார். மேஸ்திரி “ஒரு கட்டிங் போட்டுட்டு ஏறு, சரியாயிடும்” என்கிறார்.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டும்மா. முதலில் மேஸ்திரி பேச்சு. குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறுவது பயத்துக்கு மருந்து இல்லை, அடுத்த விபத்துக்கு ஏற்பாடு.

அப்பாவுக்கு இருப்பது பெரும்பாக்கத்துப் பெண்ணுக்கு இருப்பது போன்ற பயம் இல்லை. கண்ணெதிரே நடந்த சாவு மனதில் அப்படியே நிற்கிறது. சத்தத்துக்குத் திடுக்கிடுவது, கத்தி எழுவது எல்லாம் அதன் அடையாளம். இதற்கும் நல்ல சிகிச்சை உண்டு, ஆனால் ஏணிப்படி வைத்து ஏறுவதற்கு முன்னால் அன்று நடந்ததைப் பக்குவமாகப் பேசித் தீர்க்க வேண்டும். சில சமயம் மாத்திரையும் தேவைப்படும். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் ஓ.பி. உண்டு. “கீழ்ப்பாக்கம்” என்றதும் சினிமாவில் சிரிப்பார்கள், நீங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம். 1794-லிருந்து இந்த ஊருக்கு வைத்தியம் பார்க்கிற இடம் அது. இரண்டிலும் செலவு இல்லை.

அதுவரை அப்பா கீழ்வேலை கேட்கட்டும். பட்டி பார்ப்பது, உள்சுவர், கேட், ஜன்னல் என்று தரையில் நின்று செய்கிற வேலைக்குப் பஞ்சமில்லை. கூலி குறைந்தாலும் கொஞ்ச நாள்தான்.

இன்னொன்று. இறந்துபோனவர் பெல்ட் கட்டியிருந்தாரா? அப்பாவுக்கு பெல்ட் தருகிறார்களா? பெல்ட்டும் கயிறும் இல்லாமல் மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்கச் சொன்னால் பயப்படுகிறவன்தான் தெளிவாக இருக்கிறான், அதை நான் குணப்படுத்த மாட்டேன். கயிற்றைச் சாரத்து மூங்கிலிலேயே கட்டினால் பிரயோஜனமில்லை, சாரம் சரிந்தால் சேர்ந்தே போகும். கட்டடத்தில் உறுதியான இடத்தில் தனியாகக் கட்ட வேண்டும். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் பாரு, இல்லையென்றால் பதிந்துவிடு. இறந்தவர் பதிந்திருந்தால் அவர் குடும்பத்துக்கு விபத்து நிவாரணம் கேட்க முடியும். அவர்களிடமும் போய்ச் சொல். ஸ்டான்லியில் என்ன சொன்னார்கள், பெல்ட் விஷயம் என்ன ஆயிற்று என்று அடுத்த மாதம் எனக்கு ஒரு வரி எழுது.